படம் முதலில், குழாய் அப்புறம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர்வரை எல்லோருக்கும் அவள் எதிர்ப்பாட்டு. முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் பின்னால் ஒரு சிஸ்டர் சேர்த்துக்கொள்வார்கள். மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் பெரிய டாக்டர் ஒப்புக்கு, "யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பார். மற்றவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் ஒரு கை எழும்பும். இருபத்திரண்டு வருடமாக அது எழும்பிக்கொண்டிருந்தது. பாதிக் கோரிக்கைகளுக்குப் பதிலே வராது. அதற்காக அவள் சலித்துக்கொண்டதில்லை. அடுத்த மாதமும் அதையே, போன மாதம் சொன்ன தேதியோடு சேர்த்துச் சொல்வாள். இப்படிப்பட்டவர்களை யாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் குள்ளம். கட்டிலில் கிடப்பவரின் நெஞ்சுக்குக் கை எட்ட ஒரு மர ஸ்டூல் வேண்டும். அதை அவளே தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் போவாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரர். மனைவி வாயைத் திறந்தால் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வார். மாமியார் அப்படி இல்லை. "இன்னிக்கு யாரோட சண்ட? குழம்புல உப்பு ஏறிக் கிடக்கே" என்று முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவள் வேலை பார்த்தது விபத்துப் பிரிவில். ஆறு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர், எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. நெடுஞ்சாலை ஆஸ்பத்திரி வாசலை உரசிக்கொண்டு போனதால் கட்டில்கள் காலியாக இருந்த நாள் கிடையாது. எலும்பு முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். தோல் கிழிந்தால் தெரியும். வயிற்றுக்குள்ளே கசிகிற ரத்தம்தான் தெரியாது. ஆள் நன்றாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், போனைத் தேடுவார். நாடி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கும். ஸ்கேன் அறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது, ஸ்கேன் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்தார். மற்ற நாட்களில் அடிபட்டவர்களை மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். வழியிலேயே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் உயிரோடு அனுப்பப்பட்டவர்கள்.

அங்கேதான் பள்ளிக்கூடப் பை அளவுக்கு ஒரு சின்ன ஸ்கேன் கருவி நன்கொடையாக வந்து சேர்ந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து நாலு இடத்தில் பார்க்கலாம்: ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, இடது பக்கம் மண்ணீரலைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி, அடிவயிற்றில் மூத்திரப்பைக்குப் பின்னால். ரத்தம் தேங்கியிருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். மூன்று நிமிட வேலை. சொல்லிக்கொடுக்க ஒரு குழு ஐந்து நாள் வந்தது. நாலு டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் நாலு பேரும் மாற்றலாகிப் போனார்கள். கருவி உறை போட்டபடி ஸ்டோர் ரூமுக்குப் போனது. அந்த ஐந்து நாளும் தட்டு ஏந்துகிற சாக்கில் டாக்டர்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினொரு மாதம் பதினொரு கூட்டத்தில் கை தூக்கினாள். "டாக்டருங்க வருவாங்க, போவாங்க சார். நாங்கதான் இங்கயே கிடக்கோம். கிடக்கிறவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க."

பன்னிரண்டாவது மாதம் பெரிய டாக்டர் தலையை அசைத்தார். அது சரி என்ற அசைப்பா, ஐயோ என்ற அசைப்பா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அவள் சரி என்று எடுத்துக்கொண்டு, ஸ்டோர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கருவியைத் தூக்கிவந்துவிட்டாள். புதிதாக வந்திருந்த சின்ன டாக்டரம்மாவுக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. மகள் வயசுதான் இருக்கும். அவளிடம் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தப்பா பிடிச்சா கையில அடிங்க" என்றாள் எதிர்ப்பாட்டு.

பழகுவதற்கு வயிறு வேண்டுமே. வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியான கட்டில் கிடைத்தால் அவரை வரவழைத்துச் சட்டையைத் தூக்கிப் படுக்க வைப்பாள்.

"என் ஈரல என்னவிட நீதான் அதிகமா பாத்திருக்க. எப்பிடி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உங்கள மாதிரியேதான். சத்தம் போடாம கிடக்கு."

தடவுகிற ஜெல் தீர்ந்துபோய், அடுத்த பாட்டிலுக்கு எழுதிப் போட்ட தாள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் காலருக்குப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துப் பாட்டிலில் கொண்டுவந்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. என்ன, நோயாளியின் வயிறு காய்ந்ததும் விறைப்பாக இருக்கும், இஸ்திரி போட்ட மாதிரி. ஒன்றரை வருடத்தில் நானூறு பேருக்கு மேல் பார்த்தாள். முப்பத்தோரு பேருக்குக் கறுப்பு தெரிந்தது. சர்ஜன் அவர்களை மாடியில் இருந்த ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார். இருபத்தாறு பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

இனிமேல் சொல்லப்போவது அவள் செய்த தப்பு.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டு யார் வந்தாலும் முதல் வேலையாக மூத்திரக் குழாயைப் போட்டுப் பையை மாட்டிவிடுவார்கள். எந்தக் காலத்திலோ இருந்த ஒரு அதிகாரிக்குச் சிறுநீர்க் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அவர் போய் வருடங்கள் ஆகியும் வழக்கம் போகவில்லை. அதில் கைதேர்ந்தவர் வார்டு உதவியாளர். எல்லோரும் அவரைக் குழாய் அண்ணன் என்பார்கள். டாக்டர் பேர் கேட்டு முடிப்பதற்குள் குழாய் உள்ளே போயிருக்கும். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. ஆண்களுக்கு அவர் போடுவார், பெண்களுக்கு சிஸ்டர்கள் போடுவார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த எதிர்ப்பாட்டும் கேட்கவில்லை.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். வண்டி சாய்ந்து அடிவயிற்றில் அழுத்தியிருந்தது. நாலாம் கட்டில். குழாய் அண்ணன் வழக்கம்போலக் குழாய் போட்டார். அவள் வழக்கம்போல நாலு இடமும் பார்த்தாள், "ரத்தம் இல்ல" என்றாள். சின்ன டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வியர்த்து, கண் சொருகி, சர்ஜன் ஓடிவந்து வயிற்றைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடிவயிறு நிறைய ரத்தம்.

துணிகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பயிற்சிக் குறிப்புகளை எடுத்து முதலிலிருந்து படித்தாள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வழியாகப் பின்னால் இருப்பது தெரியும். காலியாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே பார்க்கிற கதை. அவள் பார்த்த நானூறு பேரில் அநேகமாக எல்லோருக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. மேலே ரத்தம் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். கீழே மட்டும் தேங்கியவர் வரும்வரை அந்த ஓட்டை தெரியவில்லை.

கூட்டத்தில் கை தூக்கவில்லை, எழுந்தே நின்றாள். "தப்பா சொன்னது நான்தான் சார். அவரு வீட்டம்மாகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். ஆனா இனிமே படம் பாத்துட்டுத்தான் குழாய் போடணும். உத்தரவு போடுங்க."

"அவ தப்பு பண்ணிட்டு என் குழாய் மேல பழி போடுறா" என்றார் குழாய் அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சர்ஜன் ஒரே வரியில் முடித்தார். "உங்க படத்த நம்பி ஒரு ஆளப் பறிகொடுத்துட்டேன். இனிமே அதக் காட்டி என்னக் கூப்பிடாதீங்க."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இறந்தவர் வீட்டிலிருந்து எழுத்தில் புகார் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. கருவியை விபத்துப் பிரிவிலேயே இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டு போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிஸ்டர்கள் தொடக் கூடாது என்று தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டினார். குழாய் முதலில் போகிற வழக்கம் அப்படியே தொடர்ந்தது. அவள் கேட்ட ஒன்றே ஒன்றுதான் நடக்கவில்லை.

முப்பத்தாறாவது நாள் காலை பதினொரு மணிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரை அவருடைய அக்கா ஆட்டோவில் உட்கார வைத்தே கொண்டுவந்தாள். முழங்கைவரை மஞ்சள் பெயிண்ட் காயாமல் இருந்தது. சைக்கிளில் போகும்போது வேன் தட்டிவிட்டு, ஹேண்டில் அடிவயிற்றில் குத்தியிருந்தது. வெளியே ஒரு சிராய்ப்புதான். "பாதிச் சுவர் அடிச்சபடியே கிடக்கு, சீக்கிரம் விடுங்க" என்று அவர் எதிர்ப்பாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாடி நூற்றுப் பத்து. கால் மணி நேரத்தில் நூற்று இருபத்தெட்டு. பிரஷர் இறங்க ஆரம்பித்தது. சலைன் ஓடிக்கொண்டிருந்தது, ரத்தத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று.

சின்ன டாக்டரம்மா பெரிய டாக்டருக்கு நாலு தடவை போன் போட்டாள். அவர் தலைமை அலுவலகக் கூட்டத்தில் இருந்தார், போன் அணைந்திருந்தது. அன்று ஸ்கேன் டாக்டர் வருகிற நாளும் இல்லை.

"ஆம்புலன்ஸ் சொல்லிடவா அக்கா?" என்று கேட்டாள்.

"மூணு மணி நேரம் தாங்குவாரா? சொல்லுங்க."

எதிர்ப்பாட்டு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற ஸ்பேனரை எடுத்தாள். அலமாரிப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று முழு உடம்போடு தொங்கினாள். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியின் கொண்டிதான் திருகோடு பிய்ந்து வந்தது. பெரிய டாக்டரின் உத்தரவுத் தாள் இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

"அக்கா, நான் எழுதுறேன், நீங்க பாருங்க" என்றாள் சின்ன டாக்டரம்மா. அவளும் அன்றைக்கு வேலையைப் பணயம் வைத்தாள் என்பதை நான் மறக்கவில்லை.

ஈரல் பக்கம் சுத்தம். மண்ணீரல் பக்கம் சுத்தம். இதயம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் வைத்தால் சாம்பல் நிறப் புகை, ஒன்றும் புரியவில்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். பை தொங்கிக்கொண்டிருந்தது, அதில் தெளிவான மூத்திரம். குழாய் அண்ணன் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்பேனரையே அவர் மேல் எறிந்திருப்பாள். நேரம் இல்லை. "அண்ணே, ஒரு சலைன் பாட்டில் எடுங்க. குழாய் வழியா இருநூத்தம்பது மில்லி உள்ள ஏத்துங்க."

"போட்ட குழாய்ல திருப்பி ஊத்துறதா? இருபது வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதில்ல."

"நாலாம் கட்டில்ல கிடந்தவர நீங்களும்தான தூக்கிட்டுப் போனீங்க?"

சின்ன டாக்டரம்மாவும் தலையசைத்தாள். குழாய் அண்ணன் சலைனை எடுத்துவந்தார். பாட்டிலை மாட்டிக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இருநூற்றைம்பது உள்ளே போனதும் கிளிப் மாதிரியான ஒரு கவ்வியைக் குழாயில் போட்டு மூடினார். திரையில் மூத்திரப்பை மெல்ல மெல்ல உருண்டு நிறைந்து ஜன்னல் திறந்தது. அதற்குப் பின்னால், குடல் மிதக்க, கறுப்பு.

சர்ஜனைக் கூப்பிட்டாள். படத்தைக் காட்டிக் கூப்பிடக் கூடாது என்று சொன்னவர். திட்டிக்கொண்டேதான் இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார், கவ்வியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"நீங்க ஊத்துன தண்ணிதான் அது. மூத்திரப்பை கிழிஞ்சிருந்தா வெளிய வந்து இப்படித்தான் தேங்கும். இத நம்பி நான் கத்தி வைக்கணுமா?"

நியாயமான கேள்வி. அவளுக்கும் அது தெரியும். அளவுக் குடுவையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் கவ்வியைத் திறந்தாள். எல்லோரும் மூத்திரம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூறு. இருநூறு. இருநூற்று நாற்பது. கடைசியில் இருநூற்றைம்பதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. ஒரு பொட்டு ரத்தம் கலக்கவில்லை.

"ஊத்துனது ஊத்துனபடி திரும்பி வந்துடுச்சு. பை கிழியல. அந்தக் கறுப்பு என் தண்ணி இல்ல சார், அவரு ரத்தம்" என்றாள். "நான் ஒரு தடவ தப்பா சொன்னவதான். இப்பத் தப்பா சொல்லல."

சர்ஜன் மறுபடியும் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பெயிண்டர் அப்போது சுவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். "தியேட்டருக்குத் தள்ளுங்க" என்றார் சர்ஜன்.

குடலைத் தாங்குகிற சவ்வு கிழிந்து ஒன்றரை லிட்டர் ரத்தம் அடிவயிற்றில் இறங்கியிருந்தது. உட்கார்ந்தே வந்ததால் மேலே ஏறவில்லை. சாயங்காலம் சர்ஜன் கீழே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "அடுத்த தடவ, எத்தன மில்லி ஊத்தினீங்க, எத்தன திரும்பி வந்ததுன்னு போன்லயே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. மூன்றே வரி. அனுமதியில்லாமல் கருவியைப் பயன்படுத்தினேன். அலமாரியை உடைத்தேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.

"கையெழுத்துப் போடுங்க சிஸ்டர், விஷயம் முடிஞ்சுது. ஆள் பொழச்சுட்டாரு, நானும் பெருசு பண்ணல" என்றார். உண்மையிலேயே அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். மூன்றாவது வரியை அடித்தாள். அடித்த இடத்துக்குக் கீழே எழுதினாள்: படம் பார்ப்பதற்கு முன்பே குழாய் போடுகிற வழக்கத்தாலும், அதைக் கவனிக்காத என் கண்ணாலும் நாலாம் கட்டில்காரர் இறந்தார். அந்த வழக்கத்தை நிறுத்த உத்தரவிடுங்கள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "இத மேல அனுப்புனா என் தலைக்கும் வரும், உங்க தலைக்கும் வரும். வேற தாள் தரேன். அந்த ஒரு வரிய அப்படியே விடுங்க."

"செய்ய மாட்டேன்னு எப்படி சார் எழுதுறது? நாளைக்கே ஒருத்தர் வந்தா செய்வேனே. பொய்யில்லையா அது?"

"அப்ப உங்கள துணி ரூமுக்கு மாத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. ஆறு மாசம்."

"மாத்துங்க சார். ஆனா அந்த அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினீங்கன்னா, சாவி எந்தெந்த நேரத்துல ஆஸ்பத்திரியில இருக்கும்னு எழுதி ரோட்டுல மாட்டிடுங்க. அடிபடுறவங்க அதப் படிச்சுப் பாத்துட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி வந்து அடிபடட்டும்."

அவள் ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு துணி ரூமுக்குப் போனாள். வெள்ளைத் துணிகளை எண்ணி அடுக்குகிற வேலை. வீட்டில், "ஒரு வரிதான, விட்டிருக்கலாம்ல?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். மாமியார் குறுக்கிட்டு, "அவ விட்டா அது அவளா?" என்றார். இருபது வருடத்தில் மாமியார் அவள் பக்கம் பேசியது அன்றுதான்.

புதுப் பூட்டு வரவில்லை. அவள் எழுதின தாள் மேலே போனதா, மேசைக்குள்ளேயே கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பத்தாவது நாள் அறிவிப்புப் பலகையில் பெரிய டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாள் ஏறியது: விபத்துப் பிரிவில் படம் பார்த்த பிறகே சிறுநீர்க் குழாய் போட வேண்டும், பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் கருவியைப் பயன்படுத்தலாம். அவள் பெயர் அதில் இல்லை. செத்துப்போனவரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

துவைத்த துணிக்கட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் அதைப் படித்தாள். விடுமுறை அறிவிப்புக்கும் பழைய பணிப் பட்டியலுக்கும் நடுவே, தலைக்கு மேலே ஒட்டியிருந்தது. அந்தப் பலகையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. துணிக்கட்டை இறக்கி வைத்தாள். எக்கி நின்று தாளை ஓரம் கிழியாமல் உரித்தாள். நேரே விபத்துப் பிரிவுக்குள் போய், குழாய்கள் இருக்கிற டிராயரின் முகத்தில், இழுக்கிற கைப்பிடிக்கு மேலேயே, நாலு மூலையிலும் பிளாஸ்திரி வைத்து ஒட்டினாள்.

குழாய் அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆபீஸ் தாளாச்சே அது. எடுத்ததுக்கு மறுபடியும் எழுதிக் கேப்பாங்க."

"கேக்கட்டும் அண்ணே. பேனா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வந்த துணிக்கட்டைத் தூக்கப் போனாள்.